வாசலில் நட்சத்திரம் கட்டலாமா?

உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், சகோதரி. கல்யாணமாகிப் பாளையங்கோட்டைக்கு வந்திருக்கிறீர்கள். மாமியார் வீட்டில் தலைமுறை தலைமுறையாக டிசம்பர் பிறந்ததும் வாசலில் நட்சத்திரம் கட்டுவார்கள், குடில் வைப்பார்கள். இந்த வருடம் நீங்கள் புதிதாகப் போகத் தொடங்கிய ஜெபக்கூட்டத்தில் ஓர் ஊழியர், டிசம்பர் 25 ரோமர்களின் சூரியக் கடவுளுக்குப் பிறந்தநாள் என்றும், கிறிஸ்துமஸ் மரத்தை எரேமியா தீர்க்கதரிசியே கண்டித்திருக்கிறார் என்றும், தாலியும் பொங்கலும் அதே வகைதான் என்றும், இவை இருக்கிற வீட்டுக்குச் சாபம் வரும் என்றும் சொல்லியிருக்கிறார். இது உண்மையா என்று கேட்டுவிட்டு, கடைசி வரியில் "பிள்ளைகளை நினைத்தால் பயமாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆக, நீங்கள் கேட்டது மூன்று. இந்த வழக்கங்கள் புறஜாதியாரிடமிருந்து வந்தவைதானா? அப்படியே வந்திருந்தாலும் அந்தப் பூர்வீகம் இன்றைக்கும் ஒட்டிக்கொண்டிருக்குமா? அப்புறம், அந்தப் பயம்.

நான் இறையியல் மாணவர்களுக்கு இருபத்திரண்டு வருடம் திருச்சபை வரலாறு கற்பித்தவன். முதல் கேள்விக்குப் படிப்பை வைத்துப் பதில் சொல்வேன். இரண்டாவதற்கு வேதத்தை வைத்தும், பார்த்த அனுபவத்தை வைத்தும் சொல்வேன். உங்கள் மனச்சாட்சிக்குப் பதிலாக முடிவெடுக்க எனக்கு அதிகாரம் இல்லை, அது எந்த ஊழியருக்கும் இல்லை.

தேதியிலிருந்து ஆரம்பிக்கலாம். இயேசு எந்த நாளில் பிறந்தார் என்று சுவிசேஷங்கள் சொல்வதில்லை. முதல் இருநூறு ஆண்டுகளில் சபை அந்த நாளைக் கொண்டாடியதற்கு ஆதாரமும் இல்லை. கி.பி. 200 வாக்கில் அலெக்சந்திரியாவின் கிளெமெந்து என்ற சபை ஆசிரியர், பிறந்த தேதி பற்றிச் சிலர் சொல்லும் கணக்குகளைக் குறிப்பிடுகிறார். அதில் மே மாதத் தேதியும் உண்டு, டிசம்பர் 25 இல்லை. டிசம்பர் 25 என்று நிச்சயமாகக் காட்டக்கூடிய பழைய ஆவணம் ரோமில் 354-இல் தொகுக்கப்பட்ட ஒரு நாள்காட்டி நூல். அதிலுள்ள கிறிஸ்தவப் பட்டியல் 336 வாக்கில் தயாரானது என்பது அறிஞர்களின் கணிப்பு. இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அதே நூலின் இன்னொரு பக்கத்தில், அதே தேதிக்கு நேராக, 'வெல்லப்படாதவரின் பிறந்தநாள்' என்றும் அன்றைக்கு முப்பது தேர்ப்பந்தயங்கள் என்றும் எழுதியிருக்கிறது. அந்த 'வெல்லப்படாதவர்' சூரியன்தான் என்று பொதுவாகக் கொள்கிறார்கள். ஒரே புத்தகத்தில் இரண்டும் இருக்கின்றன. பேரரசன் அவுரேலியன் 274-இல் ரோமில் சூரியனுக்குப் பெரிய கோயில் எழுப்பினான் என்பதும் உண்மை. ஆனால் அவன் டிசம்பர் 25-ஐத்தான் சூரியனின் திருநாளாக வைத்தான் என்பதற்கு அவன் காலத்து ஆதாரம் இல்லை. ஊழியர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

மறுபாதி எங்கே தவறுகிறது? ஒரே தேதியில் இரண்டு விழா இருந்தால், ஒன்று மற்றதிலிருந்துதான் வந்தது என்று ஆகிவிடாது. 12-ஆம் நூற்றாண்டுச் சிரிய ஏடு ஒன்றின் ஓரக்குறிப்பு, புறஜாதியார் சூரியனுக்கு விளக்கேற்றிக் கொண்டாடிய நாளுக்குச் சபை தன் பண்டிகையை மாற்றிக்கொண்டது என்று சொல்கிறது. எல்லோரும் காட்டும் சாட்சி இதுதான். சம்பவம் நடந்து எண்ணூறு வருடம் கழித்து எழுதியது. இன்னொரு விளக்கமும் உண்டு. தெர்த்துல்லியன் என்ற வட ஆப்பிரிக்கக் கிறிஸ்தவ எழுத்தாளர் 200-ஐ ஒட்டிய காலத்திலேயே இயேசு சிலுவையில் மரித்த நாள் மார்ச் 25 என்று எழுதுகிறார். கர்ப்பத்தில் உருவானதும் மரித்ததும் ஒரே தேதியில் என்ற நம்பிக்கை பழைய சபையில் இருந்தது. ஆயர் அகுஸ்தீன் அதை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். மார்ச் 25-இலிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் டிசம்பர் 25. கிழக்கே சிலர் ஏப்ரல் 6 என்று வைத்திருந்தார்கள், அதிலிருந்து ஒன்பது மாதம் ஜனவரி 6. ஆர்மீனியச் சபை இன்றும் ஜனவரி 6-இல்தான் பிறப்பைக் கொண்டாடுகிறது. எனக்கு இந்த விளக்கம்தான் கூடுதலாகப் பொருந்துகிறது, ஏனென்றால் இரண்டு தேதிகளையும் ஒரே கணக்கில் விளக்கிவிடுகிறது. ஆனாலும் இதை முடிந்த முடிவாக உங்களிடம் சொல்ல மாட்டேன். பண்டிகையைத் தொடங்கியவர்கள் ஏன் அந்த நாளை எடுத்தோம் என்று எழுதி வைக்கவில்லை. நேர்மையான ஆய்வாளர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் சடர்னாலியா என்ற திருவிழாவிலிருந்து வந்தது என்று இதோடு சேர்த்துச் சொல்லப்படும் கதையை மட்டும் தயங்காமல் தள்ளிவிடலாம். அந்த ரோமத் திருவிழா டிசம்பர் 17-இல் தொடங்கி, நீண்ட காலங்களிலும் 23-க்குள் முடிந்துவிடும்.

மரத்துக்கு வருகிறேன். எரேமியா 10-ஐ எடுத்து ஐந்தாம் வசனம் வரை நிதானமாக வாசியுங்கள். காட்டில் வெட்டிய மரத்தைத் தச்சன் வாச்சியால் செதுக்குகிறான், வெள்ளியும் பொன்னும் பூசுகிறார்கள், அசையாமல் ஆணி அடிக்கிறார்கள். அது பேசாது, நடக்காது, சுமந்துகொண்டு போக வேண்டும் என்கிறது வசனம். இது சிலை செய்கிற வேலை. தீர்க்கதரிசி கண்டித்தது விக்கிரகத்தை. கிறிஸ்துமஸ் மரம் அவருக்கு இரண்டாயிரம் வருடத்துக்குப் பிந்தியது. நமக்குக் கிடைக்கும் தெளிவான பதிவுகள் 16-ஆம் நூற்றாண்டில், இன்றைய பிரான்சிலுள்ள அல்சாஸ் பகுதியில் தொடங்குகின்றன. ஸ்ட்ராஸ்பர்க் நகர வீடுகளில் மரத்தை நிறுத்திக் காகிதப் பூவும் ஆப்பிளும் தொங்கவிட்டார்கள் என்று 1605-இல் ஒருவர் எழுதியிருக்கிறார். அதாவது, ஏற்கெனவே பல நூற்றாண்டுகளாகக் கிறிஸ்தவர்களாக இருந்தவர்களின் வீட்டு வழக்கம் அது.

அப்படியானால் பாபிலோன் அரசன் நிம்ரோத், அவன் மனைவி செமிராமிஸ், மகன் தம்மூஸ், அந்த மகன் பிறந்தது டிசம்பர் 25 என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற அந்தச் சங்கிலிக் கதை எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி அலெக்சாண்டர் ஹிஸ்லாப் என்ற ஸ்காட்லாந்துப் போதகர் 1850-களில் எழுதிய நூலிலிருந்து. கத்தோலிக்க வழிபாடு முழுவதும் பாபிலோனிலிருந்து வந்தது என்று நிறுவ விரும்பியவர் அவர். பெயர்களின் ஓசை ஒத்துப்போனால் உறவு என்று முடிவு கட்டிவிடுவார். பாபிலோனியக் களிமண் பலகைகளில் அந்தக் குடும்பக் கதை கிடையாது. அவரை நம்பி 1966-இல் ஒரு நூல் எழுதிப் பரப்பிய ரால்ஃப் உட்ரோ என்ற அமெரிக்கப் போதகர், பிறகு மூல ஆதாரங்களைத் தேடிப் பார்த்து, அவை இல்லை என்று கண்டு, தன் நூலை நிறுத்திவிட்டு 1997-இல் மறுப்பு நூலே எழுதினார். எனக்கு அந்த மனிதர்மேல் மிகுந்த மரியாதை. ஈஸ்டர் என்ற பெயர் இஷ்தார் என்ற பாபிலோனியப் பெண் தெய்வத்திலிருந்து வந்தது என்பதும் இந்த வகைதான். நாம் தமிழில் அதைப் பாஸ்கா என்றும் உயிர்த்தெழுந்த திருநாள் என்றும் சொல்கிறோம், கிரேக்கரும் லத்தீனரும் பாஸ்கா என்றே சொன்னார்கள்.

சரி, இது வரலாறு. இனி இரண்டாவது கேள்வி, எனக்கு முக்கியமாகப் படுவதும் இதுதான். நாளைக்கே ஒரு கல்வெட்டு கிடைத்து, டிசம்பர் 25 சூரியனிடமிருந்துதான் எடுக்கப்பட்டது என்று உறுதியானால் என்ன செய்வீர்கள்? என் பதில் மாறாது. ஏனென்றால் பூர்வீகத்தை வைத்துத் தீட்டு பார்க்க ஆரம்பித்தால் வேதமே நமக்கு இடம் கொடுக்காது. யூதர்கள் சிறையிருப்பிலிருந்து திரும்பும்போது பாபிலோனிய மாதப் பெயர்களோடு வந்தார்கள், அவர்களுடைய நாலாம் மாதத்தின் பெயர் இன்றும் தம்மூஸ். எசேக்கியேல் கண்டித்த அதே தேவதையின் பெயர். சாலொமோனின் ஆலயத்துக்கு வெண்கல வேலை செய்தவன் தீருவிலிருந்து வந்த ஈராம். பவுல் மெலித்தா தீவிலிருந்து ரோமாபுரிக்கு ஏறிய கப்பல், நம் வேதாகமம் சொல்கிறபடி, 'மிதுனம் என்னும் அடையாளமுடைய' கப்பல். மாலுமிகள் வணங்கிய இரட்டைத் தெய்வங்களின் சின்னம் அது. பவுல் அடுத்த கப்பலுக்குக் காத்திருக்கவில்லை. நம் கையிலிருக்கும் புத்தகத்தை 'வேதம்' என்கிறோமே, அந்தச் சொல் யாருடையது? 18-ஆம் நூற்றாண்டில் வேதத்தைத் தமிழாக்கிய ஜெர்மன் மிஷனரி பாப்ரிசியுஸ் தேவனைப் 'பராபரன்' என்று மொழிபெயர்த்தபோது, அது சைவர்களும் சொல்லிவந்த சொல்தான்.

எதிர்ப்பக்கம் காட்டுகிற வசனம் உபாகமம் 12:30. அந்த ஜாதிகள் தங்கள் தேவர்களைச் சேவித்தபடி நானும் சேவிப்பேன் என்று சொல்லாதே என்கிறது. கனமான வசனம், தாண்டிப் போக முடியாது. அடுத்த வசனத்தையும் வாசியுங்கள், கர்த்தர் எதை வெறுக்கிறார் என்று அங்கேயே இருக்கிறது: தங்கள் குமாரரையும் குமாரத்திகளையும் அக்கினியிலே சுட்டெரித்தார்கள். இதோடு 2 இராஜாக்கள் 18:4-ஐச் சேர்த்து வாசிக்கும்படி என் மாணவர்களிடம் ஒவ்வொரு வருடமும் சொல்வேன். யூதாவின் அரசன் எசேக்கியா உடைத்துப்போட்ட வெண்கலச் சர்ப்பம் புறஜாதியாரிடமிருந்து வந்ததல்ல. கர்த்தர் சொல்லி மோசே செய்தது. அதைவிடச் சுத்தமான பூர்வீகம் எதற்கு உண்டு? ஆனாலும் ஜனங்கள் அதற்குத் தூபங்காட்டியதால் உடைக்க வேண்டியதாயிற்று. எங்கே பிறந்தது என்பதை எசேக்கியா பார்க்கவில்லை. இப்போது யார் முன்னால் மனிதர்களைக் குனிய வைக்கிறது என்று பார்த்தான்.

அந்த ஆபத்து வெறும் கற்பனை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 5-ஆம் நூற்றாண்டில் ரோமின் ஆயர் லியோ, பேதுரு ஆலயத்துப் படிகளில் ஏறும் கிறிஸ்தவர்கள் திரும்பி நின்று உதய சூரியனை வணங்கிவிட்டு உள்ளே வருகிறார்கள் என்று பிரசங்கத்திலேயே வருந்தினார். அதனால் பண்டிகையே வேண்டாம் என்றவர்களை நான் பழிக்க மாட்டேன். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் குடியேற்றத்துப் பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான புராட்டஸ்டண்டுகள் 1659-இல் கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்று சட்டம் போட்டார்கள், 1681-இல்தான் அது நீங்கியது. ஸ்காட்லாந்தில் 1958 வரை அது பொது விடுமுறைகூட இல்லை. வேதம் கட்டளையிடாததை ஆராதனையில் சேர்க்கக் கூடாது என்ற ஒரே எண்ணத்தில் வாழ்ந்த ஜனங்கள் அவர்கள். உங்கள் ஊழியர் அந்த வழியில் நின்று "நான் கொண்டாடுவதில்லை" என்றால் அவரை மதியுங்கள். "கொண்டாடுகிறவன் சபிக்கப்பட்டவன்" என்றால் ரோமர் 14-ஐ அவர் முன் வையுங்கள். ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறான், இன்னொருவன் எல்லா நாளையும் ஒன்றாக எண்ணுகிறான், "அவனவன் தன்தன் மனதில் முழுநிச்சயத்தை உடையவனாயிருக்கக்கடவன்" என்கிறார் பவுல்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. ஒரு வருடம் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு மாணவர்கள் உடுக்கை வாசித்துப் பாடுவதாக ஏற்பாடு. எனக்கு ஒரே சந்தோஷம், நம் மண்ணின் இசை வருகிறது என்று. ஒத்திகையில் முதல் அடி விழுந்ததும் ஒரு மாணவர் எழுந்து வெளியே போய்விட்டார். போய்ப் பார்த்தால் படிக்கட்டில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா சாமியாடி. அந்தச் சத்தத்தில் சின்ன வயதில் அவர் பார்த்ததை எல்லாம் அன்று இரவு என்னிடம் சொன்னார். உடுக்கையில் ஒன்றுமில்லை என்று எனக்கு அப்போதும் தெரியும், இப்போதும் தெரியும். ஆனால் அந்த நிகழ்ச்சியில் உடுக்கை வாசிக்கவில்லை. விக்கிரகத்துக்குப் படைத்ததைப் பற்றிப் பேசும் 1 கொரிந்தியர் 8-ஆம் அதிகாரத்தைப் பத்து வருடம் பாடம் நடத்தியும் அந்தப் படிக்கட்டில்தான் அது எனக்கு விளங்கியது. விக்கிரகத்திலிருந்து நேரடியாக வெளியே வந்தவருக்கு ஒரு பொருள் வெறும் பொருளாக இருக்காது. அப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால் சட்டம் வேறு, அன்பு வேறு.

தாலியைப் பற்றி நம் ஊர் வரலாறே பேசும். ராபர்ட் தெ நோபிலி என்ற இத்தாலிய இயேசு சபைக் குரு 1606-இல் மதுரைக்கு வந்து குடுமி, பூணூல், சந்தனம் எல்லாம் நாட்டு வழக்கம்தான், வழிபாடு அல்ல என்று வாதாடினார். 1623-இல் போப் பதினைந்தாம் கிரகோரி அதற்கு இடம் கொடுத்தார். பிறகு 1703-இல் புதுச்சேரிக்கு வந்த போப்பின் தூதர் தூர்னோன், இதுபோன்ற வழக்கங்கள் பலவற்றை 1704-இல் ஓர் ஆணை மூலம் தடை செய்தார். அதில் ஒன்று பிள்ளையார் உருவம் பொறித்த தாலி. தாலியே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, அந்த உருவம் வேண்டாம், சிலுவை இருக்கலாம் என்றார். இன்றைக்கு உங்கள் கழுத்தில் இருப்பதும் சிலுவைத் தாலியாகத்தான் இருக்கும். வழிபாட்டை நீக்கி வழக்கத்தை வைத்துக்கொள்வது என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆனால் அதே ஆணையில் எனக்கு ஆறாத இன்னொன்று இருக்கிறது. ஒடுக்கப்பட்ட மக்கள் நோயில் கிடக்கும்போது குருமார் அவர்கள் குடிசைக்குள்ளேயே போய்த் திருவருட்சாதனங்கள் கொடுக்க வேண்டும் என்றும் தூர்னோன் உத்தரவிட்டார். அதற்குத்தான் கடும் எதிர்ப்பு. கடைசியில் 1744-இல் அவர்களுக்கென்று தனிக் குருமாரை வைப்பது என்று சமரசம் ஆனது. புராட்டஸ்டண்டுகள் பக்கமும் கதை வேறில்லை. 1820-களில் தஞ்சாவூரில் புதிதாக வந்த மிஷனரிகள், கல்யாணத்தில் பூமாலை கூடாது, கோயிலில் தமிழ்ப்பாட்டு கூடாது, திருவிருந்தில் சாதி பார்க்கக் கூடாது என்று மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டினார்கள். தஞ்சாவூர்க் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் மூன்றையும் எதிர்த்து எழுதினார். பூவிலும் பாட்டிலும் சாஸ்திரியார் சொன்னது சரி. சாதியில் மிஷனரிகள் சொன்னது சரி. இன்றைக்கு நம்மிடையே பூவுக்கும் பாட்டுக்கும் சண்டை இல்லை, சாதி மட்டும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. வரன் தேடும் விளம்பரத்தில் 'கிறிஸ்தவர்' என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயர். கல்லறைத் தோட்டத்துக்குள் சுவர். காகித நட்சத்திரத்தைச் சாபம் என்கிற பிரசங்கம் எத்தனையோ கேட்டுவிட்டேன், அந்தச் சுவரைச் சாபம் என்கிற பிரசங்கத்தை விரல்விட்டு எண்ணலாம். புறஜாதி வழக்கம் என்று நாம் தூக்கி எறிந்திருக்க வேண்டியது அதைத்தான் என்று நான் முழு மனதோடு நம்புகிறேன்.

பொங்கலுக்கும் இதே அளவுகோல்தான். புது அரிசியைச் சமைத்து, விளைச்சல் கொடுத்தவருக்கு நன்றி சொல்வது நம் அறுப்பின் பண்டிகையில் செய்வதுதான். கத்தோலிக்கக் கோயில்கள் பலவற்றில் வளாகத்திலேயே பொங்கல் வைக்கிறார்கள். சூரியனுக்குப் படைத்துக் கும்பிடுவது நமக்கு இல்லை, அதோடு விஷயம் முடிந்தது. பக்கத்து வீட்டு அக்கா கிண்ணத்தில் கொண்டுவந்தால்? கடையில் விற்பதை விசாரிக்காமல் சாப்பிடு, இது படைத்தது என்று ஒருவர் குறிப்பிட்டுச் சொன்னால் சொன்னவருடைய மனச்சாட்சிக்காகத் தவிர்த்துக்கொள் என்று 1 கொரிந்தியர் 10 சொல்கிறது. அன்போடு நீட்டுகிற கையிடம் போய் விசாரணை நடத்த வேண்டாம். படைத்தது என்று அவரே சொன்னால், முகம் கோணாமல் காரணத்தைச் சொல்லிவிடுங்கள். நம் அண்டை வீட்டார் இதைப் புரிந்துகொள்கிறவர்கள்தான்.

இனி உங்கள் பயம். கலாத்தியர் 3:13-இல், கிறிஸ்து நமக்காகச் சாபமாகி, நம்மை நியாயப்பிரமாணத்தின் சாபத்திலிருந்து மீட்டுக்கொண்டார் என்று இருக்கிறது. அதற்குப் பிறகு மூங்கில் பிளாச்சும் கலர் காகிதமும் உங்கள் பிள்ளைகளுக்குச் சாபம் கொண்டுவரும் என்று நம்புவதுதான் எனக்குப் புறஜாதி நம்பிக்கையாகத் தெரிகிறது. பொருளில் சக்தி இருக்கிறது, அதை மாற்றி வைத்தால் தோஷம் கழியும் என்பது நாம் விட்டுவந்த கணக்கு. அதிலும் நட்சத்திரம் மத்தேயு 2-இலிருந்து நேராக வந்தது. கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் வானத்தைப் பார்த்துப் பிழைத்தவர்கள், புறஜாதியார். அவர்களுக்குத் தெரிந்த ஒரே பாஷையில், ஒரு நட்சத்திரத்தை வைத்தே, தேவன் அவர்களைப் பெத்லகேமுக்குக் கூட்டிவந்தார்.

இவ்வளவு சொன்ன பிறகும் உங்கள் மனம் ஒப்பவில்லை என்றால், என் வாதத்துக்காகக் கட்டாதீர்கள். விசுவாசத்தினாலே வராத யாவும் பாவமே என்று அதே ரோமர் 14 முடிகிறது. அதற்காக மாமியார் கட்டியதை அவிழ்க்கவும் வேண்டாம், அவர் அதைக் கர்த்தருக்கென்று கட்டுகிறார். அத்தை ஸ்டூலில் ஏறிக் கட்டும்போது நீங்கள் கீழே நின்று பிடித்துக்கொள்ளுங்கள். விளக்கு எரிந்ததும் பிள்ளைகளைத் திண்ணையில் உட்காரவைத்து மத்தேயு 2-ஐ வாசித்துக் காட்டுங்கள்.